நான்கு மணிக்கு வலப்பக்கம்

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது, மேடம். தாள்தான் கொஞ்சம் மெல்லிசு, பின்பக்கம் மை ஊறுகிறது. அதனால் ஒரு பக்கம் மட்டும் எழுதுகிறேன். இடது ஓரத்தை மடித்து மார்ஜின் விட்டிருப்பதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். இருபத்தைந்து வருடமாக மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவள் நான். மார்ஜின் இல்லாத தாளில் எனக்குக் கை ஓடாது.

நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். நடுவில் யாரையாவது கிண்டல் செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அழுதுகொண்டே எழுதினால் எழுத்து கோணும், படிக்கிற உங்களுக்குத்தான் சிரமம்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். வீட்டுக்காரர் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். அவர் வீட்டில் இருந்த நாட்களையெல்லாம் கூட்டினால் இருபத்துமூன்று வருடத்தில் ஏழு வருடம் தேறுமா என்பதே சந்தேகம். மாதத்தில் இருபது, இருபத்திரண்டு நாள் சாலையில்தான். தினமும் எட்டு மணிக்கு போன் வரும்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு. வெக்கிறேன்."

எங்கள் தாம்பத்தியத்தின் பெரும்பகுதி இந்த மூன்று வரிதான். வீட்டுக்கு வந்தால் இரண்டு நாள் தூங்குவார். மூன்றாம் நாள் குளித்து முழுகி, வாசலில் நிற்கும் லாரியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்ப்பார். பத்து டயர். பதினொன்றாவதாக என்னையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தால் என்ன என்று தோன்றும். அதற்குள் வண்டி கிளம்பிவிடும். மற்றபடி நல்ல மனிதர். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, குரலை உயர்த்தியதுகூடக் கிடையாது. கல்யாணமான மறுநாளிலிருந்து என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அது யார் குற்றமும் இல்லை. இல்லாத மனிதரோடு சண்டை போட முடியாது அல்லவா, அதனால் தெருவிலேயே ஒற்றுமையான தம்பதி என்று எங்களுக்குப் பெயர்.

மழையில் ஒரு வளைவில் லாரி சறுக்கிப் பள்ளத்தில் புரண்டது. வலது தொடை எலும்பு, இடுப்பெலும்பு, வலப்பக்கம் நான்கு விலா எலும்புகள், இடது மணிக்கட்டு, உள்ளே மண்ணீரலில் ஒரு கிழிசல். உயிர் மட்டும் தங்கியது. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்கோங்க அண்ணி" என்றாள் என் நாத்தனார். தலைப்பாகை கொஞ்சம் பெரிசுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்து, தொடையில் கம்பியும் இடுப்பில் பிளேட்டும் பொருத்தி, மூன்றாம் மாடி வார்டில் ஐந்தாம் கட்டிலுக்குக் கொண்டுவந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் நீண்ட விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

எலும்பு டாக்டர் நன்றாகப் பாடம் நடத்துவார். என் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தால் நல்ல பெயர் எடுத்திருப்பார். முதல் நாளே என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"அம்மா, இவ்வளவு அடிபட்டவங்களுக்கு அடியால வர்ற ஆபத்து ஒரு பங்குன்னா, படுத்தே கெடக்கிறதால வர்ற ஆபத்து ரெண்டு பங்கு. மூணு திருடங்க இருக்காங்க. ஒருத்தன் நுரையீரல்ல புகுவான். விலா வலிக்குதுன்னு மூச்சை இழுக்காம இருந்தா சளி கட்டி நிமோனியா வரும். ரெண்டாவது ஆளு தோல்ல. ஒரே பக்கமா படுத்தா புண்ணு. மூணாவது ஆளுதான் பெரிய ஆளு. அசையாத கால்ல ரத்தம் கட்டும். அந்தக் கட்டி கிளம்பி மேல போச்சுன்னா நெஞ்சை அடைக்கும். எங்க நர்ஸுங்க ரெண்டு பேருதான், கட்டில் பத்து. நீங்கதான் காவல்."

நான் டைரியில் குறித்துக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, கீழே கோடும் இழுத்தேன். ஒருமுறை கேட்ட பாடத்தை மறப்பவள் இல்லை நான்.

ஐந்தாம் கட்டிலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவருக்கு வலப்பக்கம் ஜன்னல், இடப்பக்கம் என் ஸ்டூல். ஜன்னலுக்குக் கீழே மெயின் ரோடு, அதிலும் ஒரு மேடு. கட்டிலின் கால்மாட்டில் ஒரு அட்டையில் சார்ட் தொங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடப்பக்கம், மல்லாந்து, வலப்பக்கம் என்று திருப்பிப் போட்டு டிக் அடிக்க வேண்டும். திருப்பும்போது ஆயா துணியின் ஒரு முனையைப் பிடிப்பாள், நான் மறுமுனையைப் பிடிப்பேன். கூட இருப்பவர்களே சார்ட்டை எழுத வேண்டும் என்பது அந்த வார்டின் வழக்கம். அதில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு பெரிய சிஸ்டர் மற்றக் கட்டில்காரர்களிடம் காட்டினார். "டீச்சரம்மாவைப் பாத்துக் கத்துக்கோங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

முதல் திருடனைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன், நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. அவனை நான் அழைக்கவில்லை. மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்திருந்தார்கள். குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் எழும்ப வேண்டும். மணிக்குப் பத்து முறை இழுக்க வேண்டும். அவருக்கு ஒரு பந்து அசைவதற்குள் கண்ணில் நீர் முட்டும். "இன்னைக்கு லீவு விட்டுடு டீச்சர்" என்று கெஞ்சுவார். பத்து டயர் லாரியை மலையில் ஏற்றியவர் ஒரு பிளாஸ்டிக் பந்துக்குப் பயப்படுவதைப் பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. லீவு விட்டேன். அதற்குரிய தாளில் பத்து, பத்து என்று எழுதினேன். நான்காம் நாள் காய்ச்சல் வந்தது. மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள்.

மேடம், காய்ச்சல் அடித்த அந்தப் பன்னிரண்டு நாட்களை நான் எப்படிச் சொல்வது? வலது விலா வலிக்கிறதென்று பெரும்பாலும் இடப்பக்கமாகத்தான் படுத்திருந்தார். இடப்பக்கம் என்றால் என் பக்கம். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கயும் போகாத" என்றார். இருபத்துமூன்று வருடமாக நான் அவரிடம் சொல்லாமல் விழுங்கிய வார்த்தை அது. அதை அவர் என்னிடம் சொன்னார். காய்ச்சல் கொஞ்சம் தணிந்த நேரங்களில் கதை சொன்னார். சோதனைச் சாவடியில் ஒரு ஆடு வண்டிக்குள் ஏறி அவர் சாப்பாட்டைத் தின்றுவிட்டு சீட்டுக்குப் பின்னால் படுத்துத் தூங்கியிருக்கிறது. நாற்பது கிலோமீட்டர் போன பிறகு அது கத்த, இவர் பயந்து போய் பிரேக் போட்டிருக்கிறார். திரும்பவும் நாற்பது கிலோமீட்டர் வந்து ஆட்டை உரியவரிடம் விட்டபோது, அந்தக் கிழவர் இவரைத் திருடன் என்று திட்டினாராம். நான் சிரித்த சிரிப்பில் நாலாம் கட்டில்காரர் எழுந்துவிட்டார்.

"ஏங்க, இதெல்லாம் எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதே இல்லையே?"

"நீ கேட்டதே இல்லையே டீச்சர். சாப்பிட்டியான்னு கேட்டா ஆச்சும்ப. அதுக்கு மேல என்னத்தைச் சொல்றது?"

அவரிடம் இருபத்துமூன்று வருடக் கதைகள் இருந்தன. தினமும் ஒன்றாக எடுத்துக் கொடுத்தார். கல்யாணமானவள் என்ற நினைப்பு எனக்கு அப்போதுதான் வந்தது. நாற்பத்தெட்டு வயதில் வந்தால் என்ன, வந்தது வந்ததுதானே?

பிறகு அவருக்குக் குணமாகத் தொடங்கியது. ஆக்சிஜனை எடுத்தார்கள். விலா வலி குறைந்ததும் வலப்பக்கம் படுக்க முடிந்தது. வலப்பக்கம் ஜன்னல் இருக்கிறது என்று முன்பே சொன்னேன். கீழே மேட்டில் வண்டிகள் உறுமிக்கொண்டு ஏறும். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "ஆறு சக்கரம். ரெண்டாவது கியர்ல ஏத்துறான். ஓவர்லோடு" என்பார். யாரிடம் சொல்கிறார்? ஜன்னலிடம். ஸ்டூலில் உட்கார்ந்து நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பேன், எதிரே அவருடைய முதுகு. "என் போன் எங்க டீச்சர்?" என்று கேட்டு வாங்கி, சாலையில் இருக்கும் சகாக்களிடம் பேசுவார். எந்தப் பாலம் உடைந்திருக்கிறது, எந்த ஊரில் சுற்றிப் போக வேண்டும் என்று பெரிய ஆராய்ச்சி நடக்கும். என்னிடம் மூன்று வரி பேசிய வாய்தான் அது. கதை நின்றுபோனது.

எனக்குக் கோபம் வரவில்லை. முதுகைப் பார்த்து யாரும் கோபப்பட முடியாது. இனி வலப்பக்கம் வேண்டாம் என்று மட்டும் முடிவு செய்தேன்.

அதில் பெரிய சூழ்ச்சி ஒன்றும் இல்லை. ஆயா வரும்போது, "இப்பத்தான் திருப்பினேன்மா, நீ போய் டீ குடி" என்பேன். அவளுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். சார்ட்டில் இடப்பக்கம், மல்லாந்து, வலப்பக்கம் என்று எழுதி டிக் அடிப்பேன். இவர் இடப்பக்கமாகவே இருப்பார். அவருக்கும் நேரம் போனது தெரியாது என்றுதான் நினைத்தேன். ஆனால் சாலையில் இருந்த மனிதர், கடிகாரம் பார்க்காமல் மணி சொல்லக்கூடியவர்.

"டீச்சர், ரொம்ப நேரமா இதே பக்கம் இருக்கேன் போலிருக்கே. இடுப்பு எரியுது."

"நடுவுல ஒருதடவை திருப்பினோமே. நீங்க தூங்கிட்டீங்க."

அவருடைய உடம்பு ஒன்று சொல்லியிருக்கும், நான் ஒன்று சொன்னேன். "டீச்சர் சொன்னா சரிதான்" என்றார். பிறகு எனக்காக ஒரு கதை சொன்னார். என்ன கதை என்று இப்போது ஞாபகம் இல்லை. அதுதான் வருத்தமாக இருக்கிறது.

எட்டாம் நாள் பெரிய சிஸ்டர் உடம்பு துடைக்கும்போது இடது இடுப்பில் ஐந்து விரல் அகலத்துக்குக் கறுத்திருப்பதைப் பார்த்தார். தோல் உரிந்து வந்தது. மறுநாளே நடைவண்டியைப் பிடித்து நிற்க வைப்பதாக இருந்தார்கள். நடக்கப் பழக்கும் பிசியோ அம்மா கொண்டுவந்து வைத்திருந்த நடைவண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். நாத்தனார் வந்து, "பட்ட கால்லயே படும்னு சும்மாவா சொன்னாங்க அண்ணி" என்று மூக்கைச் சிந்தினாள். நானும் சேர்ந்து அழுதேன். நடிப்பு இல்லை, மேடம், நிஜமாகவே அழுதேன். அந்தப் புண்ணைப் பார்த்திருந்தால் நீங்களும் அழுதிருப்பீர்கள். பட்ட காலில் தானாகப் படுவதில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெரிய சிஸ்டர் மட்டும் அட்டையையும் புண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். "மூணு பக்கமும் ஒரே மாதிரி படுத்தவருக்கு ஒரு பக்கம் மட்டும் எப்படிப் புண்ணு வந்துச்சு?" என்றார். "எனக்கென்ன தெரியும் சிஸ்டர், நீங்கதான் படிச்சவங்க" என்றேன். அவர் அட்டையை இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மா பேசாவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை இனிமேல்தான். இடப்பக்கம் புண் ஆனதால், இனி இடப்பக்கம் படுக்கவே கூடாது, வலப்பக்கமும் மல்லாந்தும் மட்டும்தான் என்று டாக்டர் உத்தரவு போட்டார். அதாவது ஜன்னலும் கூரையும். நான் உட்கார்ந்து போட்ட யோசனைக்கு எனக்கே நான் முட்டை மார்க் போட்டுக்கொண்டேன். கட்டிலைத் தலைமாடு கால்மாடாக மாற்றிப் போடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன், சுவரில் இருக்கும் ஆக்சிஜன் குழாய் எட்டாது என்றார்கள். ஸ்டூலை ஜன்னல் பக்கம் போடலாம் என்றால் அங்கே ஒரு சாண் இடம்கூட இல்லை. பதினெட்டு நாள் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த முதுகில் எத்தனை மச்சம் என்று கேட்டால் சொல்வேன்.

அந்தப் பதினெட்டு நாளின் கடைசி வாரத்தில் புண்ணைச் சுத்தம் செய்து தைத்தார்கள். அதில் ரத்தம் கசிந்ததால், ரத்தம் கட்டாமல் இருக்க வயிற்றில் தினமும் போடும் ஊசியை ஐந்து நாள் நிறுத்தினார்கள். டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "மூணாவது ஆளை மறந்துடாதீங்கம்மா. ஊசி இல்லாத இந்த அஞ்சு நாளும் கால்ல கட்டியிருக்கிற காத்து பம்பு ஒண்ணுதான் காவல். அதை நிறுத்தவே கூடாது." இரண்டு கெண்டைக்காலிலும் உறை மாட்டி, அதில் காற்று ஏறி இறங்கும் சாதனம் அது. புஸ்ஸென்று ஏறும், உஸ்ஸென்று இறங்கும். நான் தலையை ஆட்டினேன். அதையும் டைரியில் எழுதினேன், தேதியோடு இருக்கிறது, நீங்களே பார்க்கலாம்.

திங்கட்கிழமை நிற்க வைக்கலாம் என்று நாள் குறித்தார்கள். அதற்கு முந்தைய வியாழக்கிழமை லாரி ஆபீஸ் முதலாளி ஒரு பை நிறையப் பழத்தோடு பார்க்க வந்தார். போகும்போது வராந்தாவில் என்னிடம் சொன்னார்.

"இனிமே உங்களுக்குக் கவலை இல்லம்மா. டெப்போல உக்காந்து பாக்கற வேலை, இவருக்காகவே வெச்சிருக்கேன். காலையில எட்டு மணிக்கு வந்தா ஆறு மணிக்கு வீடு. விபத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடியிலேர்ந்து இவருதான் கேட்டுக்கிட்டே இருந்தாரு. டீச்சரைத் தனியா விட்டது போதும்னு சொன்னாரு. அன்னைக்கு ஓட்டினதுதான் கடைசி லாங் டிரிப். வீட்டுக்கு வந்து சொல்லணும்னு இருந்தாரும்மா, அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு."

நான் உள்ளே வந்தேன். மல்லாந்து படுத்திருந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். பள்ளிக்கூடத்தில் பென்சில் திருடி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி சிரித்தார். "சொல்லிட்டாரா? நான் சொல்லணும்னு வெச்சிருந்தேனே. பாவி மனுஷன்."

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னை மூன்று முறை கேட்டீர்கள், மேடம். அவர் உங்களோடு இருக்கப்போகிறார் என்று தெரிந்த பிறகுமா என்று. நானும் யோசித்துப் பார்த்தேன். எட்டிலிருந்து ஆறு வரை பத்து மணி நேரம். போக வர ஒரு மணி நேரம். தூக்கம் ஒரு எட்டு மணி நேரம். மிச்சம் ஐந்து. அதில் குளியல், செய்தித்தாள், போன், டெப்போ சகாக்கள் வீட்டு விசேஷம். சாயங்காலம் களைத்துப்போய் வந்து, "சாப்பிட்டியா?" என்று கேட்பார். "ஆச்சு" என்பேன். ஆஸ்பத்திரியில் இருபத்துநாலு மணி நேரமும் முழுசாக எனக்கு இருந்தது. கணக்குத் தெரிந்தவள் எதை எடுப்பாள் என்று நீங்களே சொல்லுங்கள்.

கட்டிலுக்கு அருகே ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான் உண்டு. பம்பின் வயரைப் பிடுங்கிவிட்டு என் போனை சார்ஜில் போட்டேன். நர்ஸ் வரும் நேரத்தில் மாற்றி மாட்டுவேன், போனதும் பிடுங்குவேன். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. என் போனுக்கு யாரும் கூப்பிடுவதில்லை, அது எப்போதும் நூறு சதவிகிதத்தில்தான் இருந்தது. இதைச் சொன்னபோது நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். ஆனால் நாலு நாளில் ஒருமுறைகூட நான் அவர்மேல் விரல் வைத்து நோகடிக்கவில்லை. விஷம் வைக்கவில்லை, ஊசி மாற்றவில்லை. செய்ய வேண்டிய காரியங்களில் சிலவற்றைச் செய்யவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு கடிதம் கொடுத்து விளக்கம் கேட்பார்கள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை, "இடது கால் கனமா இருக்கு டீச்சர், கல்லைக் கட்டின மாதிரி" என்றார். போர்வையை விலக்கிப் பார்த்தேன். கெண்டைக்கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. மூன்றாவது ஆள் வந்துவிட்டார் என்று தெரிந்தது. கால் வீங்கினால் நடைவண்டி இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போகும், கட்டிலில் ஒரு மாதம் கிடைக்கும் என்று நான் நினைத்தேன். அது மேலே ஏறும் என்று டாக்டர் சொன்னதையும் நான் மறக்கவில்லை. மறந்திருந்தேன் என்று எழுதினால் உங்களுக்கும் சுலபம், எனக்கும் சுலபம். ஆனால் கேட்ட பாடத்தை மறப்பவள் இல்லை என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். போர்வையை மூடிவிட்டு, "படுத்தே கெடந்தா அப்படித்தான் இருக்கும்" என்றேன். "டீச்சர் சொன்னா சரிதான்" என்றார்.

மறுநாள் காலையில் டாக்டரிடம் காட்டலாம் என்றுதான் இருந்தேன். டாக்டருக்கு அன்று ஆபரேஷன். மதியம் இரண்டு மணிக்கு பிசியோ அம்மா நடைவண்டியோடு வந்துவிட்டார். நீளமான பைஜாமா மாட்டியிருந்ததால் காலை யாரும் பார்க்கவில்லை. பார்த்த ஒருத்தி நான், வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேர் தாங்கி அவரை நிற்க வைத்தார்கள். ஏழு வாரத்துக்குப் பிறகு அவரை நின்றபடி பார்க்கிறேன். இவ்வளவு உயரமா இந்த மனிதர் என்று இருந்தது.

"எந்தப் பக்கம் போலாம் சார்? ஜன்னலுக்கா?" என்று கேட்டார் பிசியோ அம்மா.

"ஜன்னல் எதுக்கு? டீச்சர் பக்கம் போலாம்" என்றார் அவர்.

மேடம், அவர் என்னைப் பார்த்து இரண்டு அடி வைத்தார். சிரித்துக்கொண்டேதான் வைத்தார். மூன்றாவது அடிக்குக் காலைத் தூக்கியவர் நெஞ்சில் கையை வைத்தார். உதடு நீலமாகிவிட்டது. நான் ஸ்டூலிலிருந்து எழுவதற்குள் கீழே சரிந்தார். நாலு நிமிடம் இதயம் நின்றிருந்ததாம். பெரிய சிஸ்டர் நெஞ்சின்மேல் ஏறி அழுத்து அழுத்தென்று அழுத்தி அதை மறுபடி ஓட வைத்தார். வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அந்த அம்மாவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன் என்பதையும் இதில் எழுதிவிடுகிறேன். மூன்றரை மணிக்கு ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சில் ரத்தக்கட்டி என்று உறுதியானது. அங்கிருந்து நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மாலை ஐந்து மணிக்கு நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பெரிய சிஸ்டர் ஐந்தாம் கட்டிலின் அட்டையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். 

"டீச்சரம்மா, நாலு மணிக்கு இவரை வலது பக்கம் திருப்பியிருக்கீங்க."

"ஆமா சிஸ்டர்."

"ஆறு மணிக்கு மல்லாக்கப் போட்டிருக்கீங்க. எட்டு மணிக்கு மறுபடியும் வலது பக்கம். இன்னும் மணி ஆறே ஆகல. நாலு மணிக்கு அவரு இந்தக் கட்டில்லயே இல்ல. ஸ்கேன் மிஷினுக்குள்ள இருந்தாரு."

அந்தத் தவறு முழுக்க என்னுடையது. நாங்கள் பாடக்குறிப்பை வாரத் தொடக்கத்திலேயே எழுதிவைத்துவிடுவோம். திங்கட்கிழமை என்ன நடத்துவோம், எத்தனை பிள்ளைகள் விடை சொல்வார்கள் என்பதுவரை முன்னாலேயே எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுவோம். இருபத்தைந்து வருடப் பழக்கம், சட்டென்று போகுமா? காலையில் ஸ்டூலில் உட்கார்ந்ததுமே அன்றைய சார்ட் முழுவதையும் எழுதி டிக் அடித்துவிடுவேன். பெரிய சிஸ்டர் பழைய தாள்களையெல்லாம் எடுத்து வரிசையாகப் பரப்பினார். ஆறு வாரமும் ஒரே மை, ஒரே சாய்வு, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. நடுவில் நனைந்த தாள் இல்லை, அவசரத்தில் கிறுக்கிய எழுத்து இல்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவள் எழுத்து இப்படி இருக்காது என்றார். முதல் வாரம் இதே எழுத்தைத்தான் ஊருக்கெல்லாம் காட்டினார், அதைச் சொல்லிக்காட்ட எனக்கு மனசு வரவில்லை.

ஆகவே, நீங்கள் கேட்டபடி தெளிவாக எழுதிவிடுகிறேன். மூச்சுப் பயிற்சியைச் செய்யாமலே செய்ததாக எழுதியவள் நான். என் முகத்தையே பார்க்க வேண்டும் என்பதற்காக அவரை எட்டு நாள் ஒரே பக்கம் படுக்கவைத்துப் புண்ணாக்கியவள் நான். பம்பை நாலு நாள் நிறுத்தியவளும், வீங்கிய காலைப் பார்த்துவிட்டுப் போர்வையால் மூடியவளும் நான்தான். ஆயாவுக்கு இதில் சம்பந்தம் இல்லை, நர்ஸ்களுக்கும் இல்லை. எல்லாம் தெரிந்துதான் செய்தேன். ஆசையினால் செய்தேன் என்று சேர்த்துக்கொள்வதில் உங்களுக்கு ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

இன்று காலை அவர் கண் திறந்ததாகச் சொன்னீர்கள். தொண்டையில் குழாய் இருப்பதால் பேச முடியாமல், நர்ஸின் உள்ளங்கையில் விரலால் ஏதோ எழுதிக் காட்டினாராம். என்ன எழுதினார் என்று நான் கேட்டபோது முதலில் நீங்கள் சொல்லவில்லை. பிறகு சொன்னீர்கள். "டீச்சர் சாப்பிட்டாங்களா?"

ஆச்சு என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு வாரத்தில் வார்டுக்கு மாற்றிவிடுவார்களாம். அவருக்கு இனிமேல்தான் ஆள் தேவை. கூலிக்கு வருகிறவர்கள் நேரத்துக்குத் திருப்ப மாட்டார்கள், திருப்பாமலே திருப்பியதாக எழுதிவிடுவார்கள், எனக்குத் தெரியும். என் கைப்பை உங்கள் ஸ்டேஷன் மேசையில்தான் இருக்கிறது. அதன் முன் அறையில் நான்காக மடித்த தாள் ஒன்று இருக்கும். இன்று காலை செய்தி கேட்டதுமே, பையை உங்களிடம் கொடுக்கும் முன், அடுத்த புதன் முதல் ஞாயிறு வரைக்கும் அவருடைய சார்ட்டை எழுதி, டிக் அடித்து வைத்திருக்கிறேன். அதை மறக்காமல் பெரிய சிஸ்டரிடம் சேர்த்துவிடுங்கள், மேடம்.